மரம் தாங்கும் மாடி வீடுகள்



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன மொழி. தனக்கென ஒரு வீட்டைத் தானே கட்ட முனைபவன் படும் பாட்டை அது சுட்டுகிறது. எந்தச் செங்கல்லை வாங்குவது, எந்தக் கொத்தனாரை அமர்த்துவது, நிலைக்குத் தேக்கா வேம்பா என்றெல்லாம் அவன் தலையைப் பிய்த்துக்கொண்டாலும், முடிவு செய்யும் உரிமை அவன் கையில் இருக்கிறது. பிறர் கட்டிக் கொடுக்கும் வீட்டில் குடியேறுவோரின் நிலை அப்படியன்று. நகராட்சியோ அறக்கட்டளையோ கட்டி முடித்து, குறைந்த வாடகைக்கு ஒதுக்கித் தரும் வீட்டுக்கு அவர்கள் சாவியை மட்டும் பெற்றுக்கொள்கிறார்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களை யாரும் கேட்பதுமில்லை. அவர்களிடம் யாரும் சொல்வதுமில்லை.

இத்தகைய குடியிருப்புகளை ஐரோப்பிய நகரங்கள் சில, கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாக, மரத்தைக் கொண்டு கட்டத் தொடங்கியிருக்கின்றன. ஓட்டு வீட்டின் கைமரத்தையோ ஒற்றை மாடி வீட்டையோ நான் சொல்லவில்லை. எட்டு மாடி, ஒன்பது மாடி என உயர்ந்து நிற்கும் குடியிருப்புகளில், தளத்தையும் சுவரையும் மரமே தாங்குகிறது. கூடவே, தேவையான இடங்களில் கான்கிரீட்டும் துணை நிற்கிறது. "மரத்தில் பத்து மாடியா? தீப்பிடிக்காதா? இற்றுப் போகாதா?" என்று எவரும் கேட்பர். நியாயமான கேள்விகள்தாம். அவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட புதுமையில் தவறு நேர்ந்தால், அதன் விலையை யார் கொடுப்பார்?

சிமெண்டின் மறைமுக விலை

முதலில், நன்றாக நிற்கும் கான்கிரீட்டை விட்டுவிட்டு மரத்தை நாடுவானேன் என்று பார்ப்போம்.

சுண்ணாம்புக் காளவாயை நம்மில் பலர் பார்த்திருப்போம். சிமெண்டு ஆலையும் அடிப்படையில் அதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது. சுண்ணாம்புக்கல்லைக் கடுந்தீயில் சுட்டால் அது சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு 56 கிலோ. காற்றில் கலக்கும் கரியமில வாயு 44 கிலோ. இது கல்லுக்குள்ளிருந்தே வெளிப்படுவது. அடுப்பெரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேற்பட்ட கணக்கு. ஆகவே, ஆலையை எவ்வளவு சிக்கனமாக நடத்தினாலும், கதிரவன் ஒளியிலிருந்தே மின்சாரம் பெற்றாலும், இந்த வாயுவின் பெரும்பகுதியைத் தவிர்க்க இயலாது. உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமெண்டு உற்பத்தி செய்கிறது. மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டினால் வருவது.

மரத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. வளரும்போது அது காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிதான். ஒரு கன மீட்டர் ஊசியிலை மரம் ஏறத்தாழ முக்கால் டன் கரியமில வாயுவுக்கு ஈடான கரியைத் தன்னுள் பூட்டி வைத்திருக்கிறது. அந்த மரம் எரியாமலும் மக்காமலும் ஒரு வீட்டின் சுவராக நிற்கும் வரையில் அந்தக் கரியும் அங்கேயே நிற்கும். வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் முதலில் இரையாகிறவர்கள் ஏழைகளே. அவர்களுக்கென்று கட்டும் வீடே அந்த வெயிலை மேலும் கூட்டுமாயின், அது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும். மரத்தை நாடுவோர் முன்வைக்கும் முதல் நியாயம் இதுவே.

குறுக்கும் நெடுக்குமாக

ஆனால் சாதாரண மரப்பலகையால் மாடி வீடு கட்ட முடியாது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இழையோட்டத்தின் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சிறிது, அகலவாக்கிலோ அதிகம். ஆடி மாதத்தில் எளிதாகச் சாத்திய கதவு ஐப்பசி மழையில் இறுகிக்கொள்வதன் காரணம் இதுதான்.

இதற்கு வழி கண்டவர்கள் ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளின் பொறியியலாளர்கள். 1990-களில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இவ்வாராய்ச்சியை முன்னின்று நடத்திய கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபர் என்பவருக்கு 2019-ஆம் ஆண்டின் மார்க்கஸ் வாலன்பர்க் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. உலர்த்திய பலகைகளை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கைக் குறுக்குவாட்டில் வைத்துப் பசையிட்டு அழுத்துகிறார்கள். மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்குகள் அமைகின்றன. ஓர் அடுக்கு உப்ப முயன்றால் அதன் குறுக்கே கிடக்கும் அடுக்கு அதைத் தடுத்துவிடுகிறது. நம் ஊர்த் தச்சர் அறிந்த பிளைவுட்டின் தத்துவமேதான். மெல்லிய தோலுக்குப் பதிலாகக் கனத்த பலகை என்பதே வேறுபாடு. ஒரு சுவர் முழுவதும், சன்னலுக்கும் கதவுக்கும் இடம் வெட்டப்பட்டு, ஒரே துண்டாக ஆலையிலிருந்து லாரியில் வந்து இறங்குகிறது. கிராஸ் லாமினேட்டட் டிம்பர், சுருக்கமாக சி.எல்.டி. என்று இதைக் கட்டடத் துறையினர் அழைக்கின்றனர். நாம் குறுக்கடுக்குப் பலகை என்று சொல்லிக்கொள்வோம்.

லண்டனில் நடந்தது

லண்டன் மாநகரின் ஹாக்னி பகுதியில் மர்ரி குரோவ் என்னும் தெருவில் 2009-ஆம் ஆண்டு ஓர் ஒன்பது மாடிக் குடியிருப்பு கட்டி முடிக்கப்பட்டது. வாஃப் திசில்டன் என்ற கட்டடக் கலைஞர் நிறுவனம் அதை வடிவமைத்தது. தரைத்தளம் மட்டும் கான்கிரீட். அதற்கு மேலுள்ள எட்டு மாடிகளும் ஆஸ்திரியாவிலிருந்து வந்த குறுக்கடுக்குப் பலகைகள். படிக்கட்டைச் சூழ்ந்த சுவரும், மின்தூக்கி ஓடும் கூண்டும்கூட மரமே. அந்த எட்டு மாடிகளையும் நான்கே தச்சர்கள், வாரத்துக்கு மூன்று நாள் வீதம் ஒன்பது வாரங்களில், அதாவது 27 வேலை நாட்களில், எழுப்பி நிறுத்தினார்கள். கான்கிரீட்டில் கட்டினால் 72 வாரங்கள் ஆகும் என்று மதிப்பிடப்பட்டிருந்த முழு வேலையும் 49 வாரங்களில் முடிந்தது. அக்கட்டடத்தில் உள்ள மரம் ஏறத்தாழ 900 கன மீட்டர்.

அங்குள்ள 29 வீடுகளில் 19 விலைக்கு விற்கப்பட்டவை. எஞ்சியவை, வசதி குறைந்தோர்க்கு வீடு வழங்கும் அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில், கீழ் மாடிகளில் அமைந்தவை. விலை கொடுத்து வாங்கியவர்க்கும் குறைந்த வாடகைக்கு வந்தவர்க்கும் ஒரே பலகைதான், ஒரே சுவர்தான். ஆயினும் இரு சாராருக்கும் நுழைவாயில் தனித்தனி. கட்டடத்தைப் பிரிக்காத சமுதாயம் வாசலைப் பிரித்துவிட்டது. வாசல்கள் இரண்டும் தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கின்றன என்பதை மட்டும் ஆறுதலாகக் கொள்ளலாம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011-இல், அதே ஹாக்னியில் பிரிட்போர்ட் ஹவுஸ் என்னும் குடியிருப்பு எழுந்தது. 41 வீடுகள், அனைத்தும் நகராட்சியின் வாடகை வீடுகள். அந்த மனையின் அடியில் விக்டோரியா அரசி காலத்துப் பெரிய வடிகால் ஒன்று ஓடுகிறது. கனமான கட்டடத்தை அதன்மேல் ஏற்ற இயலாது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. குறுக்கடுக்குப் பலகையின் எடை அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே, கான்கிரீட்டால் எட்டு மாடி எழுப்ப முடியாத அந்த இடத்தில் மரம் எட்டு மாடிகளைத் தூக்கி நிறுத்தியது. ஏழைகளுக்கு ஒதுக்கப்படும் மனை பெரும்பாலும் இப்படி ஏதேனும் குறையுள்ள மனையாகவே இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எடைக் கணக்கின் அருமை புரியும்.

இத்தாலியின் மிலான் நகரில் 2013-இல் நிறைவுற்ற வியா சென்னி குடியிருப்பில் ஒன்பது மாடிக் கோபுரங்கள் நான்கு, வீடுகள் 124. வெளிச்சந்தையில் வாடகை கொடுக்க இயலாத இளங் குடும்பங்களை மனத்தில் வைத்து, ஓர் அறக்கட்டளையின் துணையோடு கட்டப்பட்டவை. அங்கும் அடித்தளம் கான்கிரீட், மேலே மரம்.

அதனதன் இடம் அதனதற்கு

இந்த முயற்சிகளிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. மரமா கான்கிரீட்டா என்று சண்டையிடுவதில் பொருளில்லை. எதை எங்கே வைப்பது என்பதே கேள்வி. நம் நாட்டுப் பழைய மச்சு வீடுகளில் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்டுத் தளம் போட்டார்கள் அல்லவா? இழுவிசையைத் தாங்க மரம். அழுத்தத்தைத் தாங்கவும் மழையைத் தடுக்கவும் காரை. அந்த அறிவே இன்று புது வடிவத்தில் திரும்பியிருக்கிறது. மரத்தின் மேல் மெல்லிய கான்கிரீட் தளம் வார்த்து, திருகாணிகளாலோ மரத்தில் வெட்டிய பள்ளங்களாலோ இரண்டையும் பிணைத்துவிட்டால், பாரம் ஏறும்போது மேலே உள்ள கான்கிரீட் அழுந்துகிறது. கீழே உள்ள மரம் இழுபடுகிறது. தனித்தனியே இருந்தால் தாங்குவதைவிடச் சேர்ந்திருக்கும்போது அவை மிகுதியாகத் தாங்குகின்றன. ஆஸ்திரியாவின் டோர்ன்பிர்ன் நகரில் 2012-இல் கட்டப்பட்ட எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் தளங்கள் இம்முறையில் அமைந்தவை. மாடிக்கு மாடி இடையே உள்ள கான்கிரீட், கீழ் மாடித் தீ மேல் மாடிக்கு ஏறாதபடியும் தடுக்கிறது.

கனடா நாட்டின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2017-இல் திறந்த பிராக் காமன்ஸ் மாணவர் விடுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதினெட்டு மாடி, 404 மாணவர்கள் தங்கும் இடம். தரைத்தளமும், படிக்கட்டும் மின்தூக்கியும் அமைந்த இரு நெடுங் கூண்டுகளும் கான்கிரீட். எஞ்சிய பதினேழு மாடிகளில் தூண்களும் தளங்களும் மரம். வான்கூவர் நிலநடுக்கத்துக்கு உள்ளாகும் பகுதி. கட்டடத்தை அசைக்க வரும் விசையைக் கான்கிரீட் கூண்டுகள் தாங்குகின்றன. நாள்தோறும் இறங்கும் பாரத்தை மரம் தாங்குகிறது. ஆலையிலிருந்து பாகங்கள் வந்து சேர்ந்தபின் மரவேலை 70 நாட்களுக்குள் முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே, இரண்டு மாடி உயரத்துக்கு முழு அளவில் ஒரு மாதிரியைக் கட்டிப் பார்த்து, இணைப்புகளைச் சோதித்துத் திருத்திக்கொண்டார்கள். அந்த வேகத்தைவிட இந்த முன்னெச்சரிக்கையே நாம் கவனிக்கத் தக்கது.

கான்கிரீட்டின் கனமும் சில இடங்களில் நன்மையே. எடை குறைந்த கட்டடம் காற்றில் மிகுதியாக ஆடும். நார்வே நாட்டில் 2019-இல் எழுந்த மியோஸ்டோர்னெட் என்னும் 85 மீட்டர் மரக் கோபுரத்தின் மேல் மாடிகளுக்குக் கான்கிரீட் தளம் இட்டதன் காரணம், உச்சியில் சற்றுக் கனம் கூட்டி ஆட்டத்தைக் குறைப்பதே. ஒலியும் அப்படித்தான். எடை குறைந்த தளத்தில் மேல் வீட்டுக் குழந்தைகள் ஓடியாடினால் கீழ் வீட்டாருக்கு உறக்கமிராது. மரத்தளத்தின் மேல் ஒரு கான்கிரீட் பூச்சு அந்த ஓசையை வெகுவாக அடக்கும். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளிக்கு இது சிறு செய்தியன்று.

நெருப்பு

இனி எல்லார் மனத்திலும் உள்ள அச்சத்துக்கு வருவோம்.

விறகடுப்பு மூட்டியவர்கள் அறிவார்கள்: சுள்ளி குபீரென்று பற்றி எரிந்து அணைந்துவிடும், தடித்த கட்டையோ மேலே கருகி, உள்ளே பல மணி நேரம் உறுதியாகக் கிடக்கும். வெளியே உண்டாகும் கரிப் படலம் உள்மரத்தை வெப்பத்திலிருந்து காக்கிறது. ஊசியிலை மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் வீதம் கருகுகிறது எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் நான்கு சென்டிமீட்டர். தேவையான கனத்துக்கு மேல் அந்த நான்கு சென்டிமீட்டரையும் கூட்டி வடிவமைத்தால், மக்கள் வெளியேறும்வரை கட்டடம் நிற்கும். அதற்கு மேலும் ஜிப்சம் பலகைகளால் மரத்தை மூடுகிறார்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். தீ சுடும்போது அந்த நீர் ஆவியாகி வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது. பிராக் காமன்ஸ் விடுதியில் மரம் பெரும்பாலும் இவ்வாறு பல அடுக்கு ஜிப்சம் பலகைகளுக்குள் மறைந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. குறுக்கடுக்குப் பலகை பசையால் ஒட்டியது. சில வகைப் பசைகள் வெப்பத்தில் பிடி தளர்கின்றன. அப்போது கருகிய அடுக்கு கழன்று விழ, உள்ளிருக்கும் புது மரம் தீக்கு முகம் காட்டுகிறது. தணிய வேண்டிய தீ மீண்டும் மூண்டெழுகிறது. சோதனைச் சாலைகளில் இது கண்டறியப்பட்ட பின், 2018-இல் வட அமெரிக்கத் தர விதிகள் வெப்பம் தாங்கும் பசையையே பயன்படுத்த வேண்டும் என்று இறுக்கப்பட்டன. "மரம் மெதுவாகத்தான் கருகும்" என்று விற்பனையாளர் சொல்லும்போது, "எந்தப் பசை?" என்று கேட்கத் தெரிந்த அதிகாரி ஒருவராவது இருக்க வேண்டும்.

இரண்டு கோபுரங்கள் தரும் பாடம்

நகராட்சி வீடுகளின் வரலாற்றில் மறக்கலாகாத இரண்டு கோபுரங்கள் லண்டனில் இருந்தன. இரண்டுமே மரத்தால் ஆனவை அல்ல.

முதலாவது ரோனன் பாயின்ட். ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திக் கட்டிய 22 மாடி. திறந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்த நிலையில், 1968 மே 16-ஆம் நாள் விடியற்காலையில் பதினெட்டாம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. ஒரு வெளிச்சுவர் கழன்று விழ, அதை நம்பி நின்ற மேல் மாடிகள் சரிந்தன. அவற்றின் பாரத்தால் கீழ் மாடிகளும் அடுத்தடுத்துச் சரிந்தன. நால்வர் மாண்டனர், பதினெழுவர் காயமுற்றனர். பின்னாளில், 1986-இல் அந்தக் கோபுரத்தைப் பிரித்தெடுத்தபோது, காரை நிரப்பியிருக்க வேண்டிய இணைப்புகளில் பழைய செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. விரைவாகவும் மலிவாகவும் ஏராளமான வீடுகள் வேண்டும் என்ற அவசரத்தின் விளைவு அது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. குறுக்கடுக்குப் பலகை வீடும் ஆலையில் செய்த பலகைகளை அடுக்கி நிறுத்துவதுதான். உயிர் நாடி இணைப்புகளில் இருக்கிறது. ஆகவேதான் மர்ரி குரோவ் கட்டடத்தை வடிவமைத்தோர், ஏதேனும் ஒரு சுவர் போய்விட்டாலும் மற்றவை பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ரோனன் பாயின்டில் மாண்டவர்கள் விட்டுச் சென்ற சட்டம் அது.

இரண்டாவது கிரென்ஃபெல் கோபுரம். 1974-இல் முடிந்த 24 மாடிக் கான்கிரீட் கட்டடம். 2017 ஜூன் 14-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் நான்காம் மாடிச் சமையலறை ஒன்றில் பற்றிய தீ, சிறிது நேரத்தில் கட்டடம் முழுவதையும் சூழ்ந்தது. மாண்டவர்கள் 72 பேர். கான்கிரீட் எரியவில்லை. கட்டடத்தைப் புதுப்பித்து அழகுபடுத்துவதற்காக வெளியே போர்த்தப்பட்ட அலுமினியத் தகடும், அதனுள்ளிருந்த பிளாஸ்டிக்கும், பின்னாலிருந்த நுரைப் பொருளும் எரிந்தன. முதலில் திட்டமிட்ட துத்தநாகத் தகட்டுக்குப் பதிலாக அந்த அலுமினியத் தகட்டைத் தேர்ந்ததில் மிச்சமான தொகை ஏறத்தாழ 3 லட்சம் பவுண்டு. ஆபத்து வரப் போகிறது என்று அங்குக் குடியிருந்தோர் சிலர் அதற்கு முந்தைய ஆண்டே எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். கேட்பார் இல்லை. 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கையை வெளியிட்ட விசாரணைத் தலைவர், அந்த மரணங்கள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றார்.

இதன்பின் இங்கிலாந்து அரசு, 18 மீட்டருக்கு மேல் உயர்ந்த குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள் எதுவும் இருத்தலாகாது என்று 2018-இல் விதித்தது. அந்த விதியால் மர்ரி குரோவ் போன்ற கட்டடத்தை அதே முறையில் அங்கு மீண்டும் கட்ட இயலாமற் போயிற்று. இதை மரத்தின் தோல்வி என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வெளிச்சுவர் எரியாத பொருளாக இருக்கட்டும். மக்கள் இறங்கி ஓடும் படிக்கட்டுக் கூண்டு கான்கிரீட்டாக இருக்கட்டும். உள்ளே தளங்களும் தூண்களும் மரமாக இருக்கட்டும். சிமெண்டின் பெரும்பகுதி தளங்களில்தான் செலவாகிறது. அங்கே மரம் வந்தாலே காற்றுக்குச் செய்யும் நன்மையின் பெரும்பகுதி கிடைத்துவிடும். கலப்புக் கட்டுமானத்தின் உண்மையான பயன் இதுதான் என்பது என் எண்ணம்.

தண்ணீரும் காடும்

நெருப்பைப் பற்றிக் கேட்பவர்கள் தண்ணீரைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டி நீடித்து நின்றால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். குளியலறைக் குழாய் ஒன்று சுவருக்குள் சொட்டிக்கொண்டே இருந்தால், வெளியே ஜிப்சம் பலகை பளபளவென்றிருக்க, உள்ளே மரம் நலிந்துகொண்டிருக்கும். காப்பீட்டு நிறுவனங்கள் மரக் கட்டடங்களைக் கண்டு தயங்குவதற்குத் தீயோடு இதுவும் ஒரு காரணம். தரைத்தளம் கான்கிரீட்டாக இருப்பது மண்ணின் ஈரத்தைத் தடுக்கும்; குழாய்க் கசிவைத் தடுக்காது. குடியிருப்பவர் "சுவரில் ஈரம் காண்கிறது" என்று முறையிட்டால், அன்றே வந்து பார்க்கும் ஆள் வேண்டும். நகராட்சி வீடுகளில் எங்கும் அரிதாகக் கிடைப்பது அந்த ஆள்தான். நல்ல கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கி, பராமரிப்புக்கு ஒதுக்காமல் விட்டால், மரம் கான்கிரீட்டைவிட விரைவில் பழிவாங்கும்.

காட்டின் கணக்கும் உண்டு. வெட்டிய இடத்தில் கன்று நட்டு வளர்த்தால்தான் மரவீடு காற்றுக்கு நன்மை செய்யும். ஆஸ்திரியாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி காடு. வெட்டிய காட்டை மீண்டும் வளர்ப்பதை அந்நாட்டின் 1975-ஆம் ஆண்டு வனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஊசியிலை மரம் அங்கு வெட்டுக்குப் பக்குவமாக எண்பது, நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே அம்மரத்தால் கட்டும் வீடும் குறைந்தது அத்தனை ஆண்டுகள் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். நாற்பது ஆண்டில் இடித்து எரித்துவிட்டால், பூட்டி வைத்த கரி முழுவதும் காற்றுக்கே திரும்பும். நட்ட கன்று அதற்குள் பாதிகூட வளர்ந்திராது. அத்தகைய சட்டமும் கண்காணிப்பும் இல்லாத இடத்திலிருந்து மரம் வருமானால், சிமெண்டைக் குறைத்தோம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

வியன்னா கேட்கும் நான்கு கேள்விகள்

உயரத்தில் போட்டியிடும் மரக் கோபுரங்கள் பல இன்று வசதி படைத்தோர்க்காக எழுகின்றன. 2022-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் முடிந்தபோது உலகிலேயே உயரமானதாக விளங்கிய 25 மாடிக் கோபுரம் உயர்தர வாடகை வீடுகளால் ஆனது. ஆறு மாடிக் கான்கிரீட்டின் மேல் பத்தொன்பது மாடி மரம். ஏழைகளுக்கான மரக் குடியிருப்புகளோ எட்டு, ஒன்பது மாடி அளவில் நிற்கின்றன. இது நல்லதே என்பேன். புதுமையின் முதற்சோதனை எப்போதும் ஏழையின் தலையில் விடிவதையே முன்பெல்லாம் கண்டோம். ஆனால் சோதித்துத் தேறிய நன்மையும் அவர்களை வந்தடைய வேண்டும்.

அதற்கு வழி காட்டுவது வியன்னா. 1923-இல் வீட்டு வரி ஒன்றை, பெரிய வீட்டுக்குப் பெரிய வரியாக விதித்து, அந்தப் பணத்தில் தொழிலாளர்களுக்கு வீடு கட்டத் தொடங்கிய நகரம் அது. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்னும் ஒரு குடியிருப்பில் மட்டும் 1,382 வீடுகள் அமைந்தன. நகராட்சியின் சொந்த வீடுகள் இன்று ஏறத்தாழ 2 லட்சத்து 20 ஆயிரம். மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் நகராட்சி வீட்டிலோ அரசு உதவி பெற்ற வீட்டிலோ வாழ்கிறார்கள். வாக்ராமர் தெருவில் 2013-இல் கான்கிரீட் தரைத்தளத்தின் மேல் ஆறு மாடி மரவீடுகளை எழுப்பியதும் இந்த ஏற்பாட்டின்கீழ்தான்.

அங்கே அரசு உதவியோடு பெரிய குடியிருப்பு கட்ட விரும்புவோர் 1995 முதல் போட்டியில் கலந்துகொண்டு தேற வேண்டும். நடுவர் குழு நான்கு அளவுகோல்களால் அளக்கிறது. வடிவமைப்பு எப்படி? செலவும் வாடகையும் எவ்வளவு? இயற்கைக்கு ஏற்றதா? மக்கள் கூடி வாழ உகந்ததா? நான்காவது அளவுகோல் 2009-இல் சேர்க்கப்பட்டது. ஒன்றில் மிகச் சிறந்து விளங்கி மற்றொன்றைக் கைவிட்ட திட்டம் அங்கே தேறுவது கடினம். கரியமில வாயுவைக் குறைத்தோம் என்று சொல்லி வாடகையை ஏற்ற முடியாது. வாடகையைக் குறைத்தோம் என்று சொல்லி மட்டமான பொருளை ஒட்ட முடியாது.

வீடு கட்டும் பொறுப்பில் உள்ளோர்க்கு இந்த நான்கும் போதும். ஆனால் ரோனன் பாயின்டையும் கிரென்ஃபெல்லையும் நினைத்தால், குடியேறப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் சில உண்டு. என் வீட்டுச் சுவருக்குள் என்ன இருக்கிறது? தீப்பிடித்தால் நான் எந்த வழியாக இறங்குவேன், அந்த வழி எவ்வளவு நேரம் நிற்கும்? சுவரில் ஈரம் கண்டால் யாரிடம் சொல்வது, அவர் எத்தனை நாளில் வருவார்? இவற்றுக்கு எழுத்தில் விடை தருவதற்குக் கட்டியவர் கடமைப்பட்டிருக்க வேண்டும். கிரென்ஃபெல் மக்கள் இவற்றைக் கேட்கத்தான் செய்தார்கள். கேட்ட கேள்விக்கு அன்று ஒருவர் நின்று பதில் சொல்லியிருந்தால், அந்த எழுபத்திரண்டு பேரும் மறுநாள் காலையில் எழுந்து தத்தம் வேலைக்குப் போயிருப்பார்கள்.